சிவப்புக் கோடு விழாத முகம்

சிவகாசி
12-6-2024

அன்புத் தங்கை இன்பத்துக்கு அண்ணன் சுந்தர்ராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் மதினி ஜெமிமாவும் நல்ல சுகம். மும்பையில் மழை பிடித்துவிட்டதாக டி.வி.யில் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிறவள் நீ, செருப்பு வழுக்காமல் பார்த்து நட.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று திட்டாதே. போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ அழுதுவிடுகிறாய். நானும் கேட்க வந்ததைக் கேட்காமல் வைத்துவிடுகிறேன். வாட்ஸ்அப் எழுத்தோ எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. அதனால் தெருமுனை பிரஸ்ஸில் கழித்துப் போட்ட பட்டாசு லேபிள் தாள்களை வாங்கிவந்து, அவற்றின் முதுகில் தடித்த மார்க்கரால் எழுதுகிறேன். புரட்டிப் பார்த்தால் தரைச் சக்கரம் சுற்றும், பயப்படாதே. நீயும் இதேபோல் பெரிய எழுத்தில் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். கேமராவோடு வயரில் இணைத்துப் பார்க்கிற தனி மானிட்டர் ஒன்று வேண்டும். கேமரா முதுகில் இருக்கிற திரை தீப்பெட்டி அளவுதான், அதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு கம்பெனி லேபிளுக்குக் குழந்தைப் படம் கேட்டிருக்கிறது. சீசன் ஆர்டர், விட மனசில்லை. பத்தாயிரத்துக்கு மேல் போகாமல் நல்லதாகப் பார். கடையில் நின்று பார்த்து வாங்க என் கண்ணை இப்போது நம்ப முடியாது. உன் கண்ணை நம்புகிறேன்.

மற்றபடி கண் கொஞ்சம் மங்கல்தான், வேறொன்றும் இல்லை.

அன்பு அண்ணன்,
சுந்தர்ராஜ்


மும்பை
25-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு இன்பம் எழுதுவது. நான் சுகம். செருப்பு நேற்றே வழுக்கிவிட்டது. முழங்காலில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான். உங்கள் சுகமும் மதினி சுகமும் அறிய ஆவல்.

உங்கள் தாளைப் பிரித்ததும் வார்டில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் தரைச் சக்கரம், மறுபக்கம் ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம். "உங்க அண்ணன் என்ன, போஸ்டர் ஒட்டுறாரா?" என்று கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே குளியலறைக்குப் போய் அழுதேன். கடிதத்தில் அழுதால் உங்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன், நானே சொல்லியும்விட்டேன்.

மானிட்டர் வாங்குவதற்கு முன் சிலது தெரிய வேண்டும். ஸ்டுடியோவுக்கு உள்ளேயா, வெளியே வெயிலிலா? ஸ்டாண்டில் மாட்டுவதா, கையில் தூக்கிக்கொண்டா? கேமராவில் வயர் செருகுகிற துளை எந்த அளவு? மதினியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மதுரையில் கண் டாக்டர் என்ன சொன்னார்? அதையும் எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
இன்பம்


சிவகாசி
8-7-2024

அன்புத் தங்கைக்கு. இங்கே சுகம். உன் முழங்கால் ஆறியதா? மஞ்சளை அப்பிக்கொண்டு திரியாதே, நர்ஸ் என்ற மரியாதை போய்விடும்.

உன் கேள்விகளுக்குப் பதில். வெளியேதான் எடுப்பேன். காலை ஆறரையிலிருந்து ஏழேகால் வரை, கிழக்கு வெயில் முகத்தில் அடிக்கும். ஸ்டாண்டு உண்டு. ஆனால் அரை நிமிஷத்துக்குள் ஒரு ஆளை எடுத்து முடிக்க வேண்டும். துளையின் படத்தை மதினி அனுப்புவாள்.

முக்கியமானது ஒன்று. பீக்கிங் என்று ஒரு வசதி இருக்கிறதாம். படத்தில் எந்த இடம் கூர்மையாக இருக்கிறதோ, அந்த இடத்தின் விளிம்பில் மானிட்டர் தானாகவே சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். எனக்கு முகம் தெரியாவிட்டாலும் சிவப்புத் தெரியும். அது இல்லாமல் வாங்காதே.

மதுரைக்குப் போகிற பஸ்ஸெல்லாம் ஒரே கூட்டம்.

அன்பு அண்ணன்,
சுந்தர்ராஜ்


மும்பை
22-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு. நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் சுகம் என்று நம்புகிறேன், நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் ஸ்ரீமதி என்று ஒரு பெண் இருக்கிறாள். விருதுநகர்க்காரி, அப்பா மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறார். உங்கள் பழைய ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவள் ஒரு வெறும் கண்ணாடியை எடுத்து, இரண்டு பக்கமும் நட்டநடுவில் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, "இதப் போட்டுட்டுக் கடைக்குப் போங்கக்கா. அண்ணனுக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு அப்பதான் வெளங்கும்" என்றாள்.

போட்டுக்கொண்டு போனேன். முதலில் காட்டியது ஐந்து அங்குல மானிட்டர். வெளிச்சமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாதியைப் பொட்டே விழுங்கிவிட்டது. இரண்டாவது ஏழு அங்குலம், புதுசு, உங்கள் பத்தாயிரத்துக்குள். கடைக்கு வெளியே எடுத்துவந்து வெயிலில் பிடித்தால் என் கொண்டையும் பின்னால் போகிற ஆட்டோவும்தான் தெரிந்தன. அதோடு எல்லாமே திரையைத் தொட்டு இயக்குவது, எங்கே தொடுவதென்று நீங்கள் தடவித் தடவித் தேட வேண்டும். மூன்றாவது, ஒரு கல்யாண வீடியோக்காரர் விற்கக் கொடுத்திருந்த பழையது. ஏழு அங்குலம், ஒரு மூலையில் கீறல். நல்ல வெளிச்சம், வெயில் மறைக்கக் கறுப்புக் கூடாரம் போல ஒரு மூடி, கீழே வரிசையாக நிஜமான பட்டன்கள். சிவப்புக் கோடும் வருகிறது. பதின்மூன்றாயிரம் சொல்கிறார்கள். மீதியை நான் போடுகிறேன், வாயைத் திறக்கக் கூடாது.

விலை பேசும்போது கடைக்காரர் முகத்தைப் பார்த்தேன் அண்ணே. காது இருந்தது, முடி இருந்தது. கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பொட்டு கூடவே வந்தது. இப்படித்தான் மதினியைப் பார்க்கிறீர்களா? இதற்குப் பெயர் கொஞ்சம் மங்கலா?

இன்னொன்று. லேபிள் குழந்தையை ஸ்டுடியோவுக்குள் மெத்தையில் வைத்துத்தானே எடுப்பீர்கள்? கிழக்கு வெயிலில் நிறுத்தி, அரை நிமிஷத்தில் எடுக்கிற குழந்தை எது? மதினியிடம் கேட்டேன். கம்பெனிகள் லேபிள் படத்தையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகிறதாம். உண்மையைச் சொல்லுங்கள். சொன்னால்தான் பார்சல்.

இன்பம்


சிவகாசி
20-8-2024

அன்புத் தங்கைக்கு. சுகம். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்.

என் வழக்கம் உனக்குத் தெரியும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், மாப்பிள்ளை பெண்ணை எடுத்த கையோடு வந்திருக்கிற ஆட்களையும் ஒவ்வொருவராக நிறுத்தி ஒத்தைப் படம் எடுத்துவிடுவேன். சுந்தர் அண்ணாச்சிக்குப் பெரிய மனசு என்பார்கள். காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்காவது பட்டாசு யூனிட்டில் வெடித்தால் மூன்றாம் நாள் ஸ்டுடியோ வாசலில் ஆள் வந்து நிற்கும். பேனருக்குப் படம் வேண்டும், சுவரில் மாட்டப் படம் வேண்டும். இருப்பதோ ரேஷன் கார்டில் இருக்கிற கறுப்பு முகம், இல்லையென்றால் கும்பல் படத்தில் பாதித் தலை. அதை வெட்டி ஒட்டிக் கொடுத்து வெறுத்துப்போய்த்தான் இந்த வழக்கம் பிடித்தேன்.

தை மாதம் சாத்தூரில் ஒரு கல்யாணம். ஏழாயிரம்பண்ணையிலிருந்து மாரிச்செல்வி என்று ஒரு பிள்ளை வந்திருந்தது, பத்தொன்பது வயசு. மண்டபத்தில் 'சாப்பாட்டுக் கூடம்' என்று அம்புக்குறி போட்ட போர்டுக்கு முன்னால் நிறுத்தி எடுத்தேன். மார்ச்சில் அவள் வேலை பார்த்த யூனிட்டில் விபத்து. அவள் அம்மா பாண்டிலட்சுமி வந்தாள். வேறு படமே கிடையாது. அவள் போனும் அவளோடேயே போய்விட்டது.

படத்தைத் திறந்தோம். பிள்ளை முகம் கலங்கிக் கிடந்தது. மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை என்று ஜெமிமா என் காதில் சொன்னாள். அந்தப் பிள்ளை அசைந்துவிட்டது. என்ன செய்ய முடியும்? அப்படியே பிரிண்டு போட்டுக் கொடுத்தேன்.

இப்போது ஏழாயிரம்பண்ணை வேன் நிற்கிற இடத்துக்குப் போய், வேலைக்கு ஏறுகிறவர்களை ஒவ்வொருவராகத் தெளிவாக எடுத்து வைக்கலாம் என்று இருக்கிறேன். கண் முழுதாகப் போவதற்குள் முடிக்க வேண்டும். இதுதான் உண்மை.

சுந்தர்ராஜ்


மும்பை
2-9-2024

அன்புள்ள அண்ணனுக்கு. நலமே வாழ ஜெபிக்கிறேன்.

பார்சல் இன்று கிளம்பிவிட்டது. இரண்டு பாட்டரி, வயர், மூடி எல்லாம் உள்ளே இருக்கிறது. வலது ஓரம் இரண்டாவது பட்டனைத் தடவிப் பாருங்கள், ஒரு கடுகை ஒட்டி வைத்திருக்கிறேன். அதை அழுத்தினால் சிவப்புக் கோடு வரும். மற்ற பட்டன்களை நோண்டாதீர்கள், நோண்டினால் நான் மும்பையிலிருந்து வந்துதான் சரி செய்ய வேண்டும்.

மாரிச்செல்வியை நினைத்து இரண்டு நாள் தூக்கம் இல்லை. ஆனால் அண்ணே, அதை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். படம் எடுக்கிறபோது பிள்ளை அசைந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்த வயசில் யார்தான் ஒரு இடத்தில் நிற்கிறார்கள்? உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மதுரை டாக்டர் சொன்னது?

அன்புடன்,
இன்பம்


சிவகாசி
18-9-2024

அன்புத் தங்கைக்கு. சுகம். பார்சல் உடையாமல் வந்தது. கடுகும் விழவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஜெமிமா என்னைக் கூட்டிப்போனாள். அவளுக்குப் பள்ளிக்கூட வேலை ஒன்பது மணிக்குத்தானே, அதற்குள் திரும்பிவிடலாம். கருவேலங்காட்டு ஓரத்தில் ஸ்டாண்டை வைத்தேன். "அசையாம நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்து, மானிட்டரைக் கண்ணின் ஓரத்தால் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழக்கமான கறுப்பு. லென்ஸை மெல்லத் திருகினேன். முதலில் பின்னால் இருந்த முள்ளில் சிவப்பு ஓடியது, அப்புறம் தோளில் ஏறியது, அப்புறம் காதோரம் வந்து கன்னத்தைச் சுற்றியது. அழுத்திவிட்டேன். ஒரு சொட்டையும் இல்லாமல் தெளிவாக வந்திருக்கிறது என்றாள் ஜெமிமா. அன்றைக்கு மட்டும் பதினான்கு பேர். உன் கண்ணை நம்பியது வீண்போகவில்லை.

எதற்கு எடுக்கிறேன் என்று கேட்டவர்களுக்குச் சும்மாதான் என்றேன். ஒரு அம்மா தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "எதுக்குன்னு தெரியும் அண்ணாச்சி. நல்லா எடுங்க."

பாண்டிலட்சுமியும் அங்கே இருந்தாள். அவளும் வேறொரு யூனிட்டுக்கு வேன் ஏறுகிறவள்தான். எல்லோரும் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "எம்புட்டு அழகா நிக்கிதுக. அவ நின்னாளா பாவி மக" என்றாள்.

சுந்தர்ராஜ்


மும்பை
30-9-2024

அன்புள்ள அண்ணனுக்கு. சுகம், சுகம் அறிய ஆவல். பதினான்கு பேர் என்று படித்ததும் வார்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். கடுகின் மகிமையை ஸ்ரீமதியிடமும் சொன்னேன். இப்போது எத்தனை பேர் ஆகியிருக்கிறது? பாவம் அந்தத் தாய், அவளையும் தெளிவாக ஒன்று எடுத்து வையுங்கள்.

நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. டாக்டர் என்ன சொன்னார்?

இன்பம்


மும்பை
28-10-2024

அன்புள்ள அண்ணனுக்கு. நான் சுகம். உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போன் செய்தால் மதினி எடுத்து, "தூங்குறாக" என்கிறாள். பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கம்? மானிட்டர் கெட்டுவிட்டதா? கெட்டிருந்தால் சொல்லுங்கள், வேறு பார்க்கலாம். மூன்று நாளில் தீபாவளி. இங்கே வெடிச் சத்தம் கேட்கிற ஒவ்வொரு தடவையும் நம்ம ஊர் ஞாபகம்தான். ஒரு வரி எழுதினால் போதும்.

இன்பம்


சிவகாசி
24-11-2024

இன்பத்துக்கு. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்.

மானிட்டர் கெடவில்லை. அது நன்றாக வேலை செய்ததுதான் விஷயம்.

அக்டோபர் நாலாம் தேதி. வேன் வரத் தாமதமானது. பாண்டிலட்சுமி என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, இந்தப் பெட்டி எல்லாரு மொகத்தையும் தெளிவாக் காட்டுதுல்லா. எம்மக படத்தையும் இதுல போட்டுப் பாருங்களேன். தெளிஞ்சாலும் தெளியும்" என்றாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கல்யாணப் படம் இருந்த மெமரி கார்டு பையிலேயே இருந்தது. எடுத்துக் கேமராவில் போட்டேன். பழக்கத்தில் விரல் கடுகின்மேல் போய்விட்டது.

என் கண்ணில் விழுந்தது மேலே ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்தான். பார்த்தது அவள்தான். ஒவ்வொன்றாகச் சொன்னாள். "செவப்புப் பூரா போர்டுல ஓடுது அண்ணாச்சி. எழுத்தைச் சுத்தி ஓடுது, அம்புக்குறியச் சுத்தி ஓடுது. எம்மக மேல ஒரு கோடுகூட இல்லையே, ஏன்?"

இன்பம், அந்தப் பிள்ளை அசையவே இல்லை. உனக்கும் பொய்தான் எழுதினேன். நான் ஃபிளாஷ் அடித்து எடுத்த படம் அது, கொஞ்சம் அசைந்தால்கூட முகம் அப்படிக் கலங்காது. ஃபோகஸ் போர்டில் விழுந்திருக்கிறது. அன்றைக்கே என் கண்ணில் நடு இடம் இல்லை. ஓரத்தால் பார்த்துக் குத்துமதிப்பாக வைத்தேன், அவளுக்குப் பின்னாலிருந்த போர்டைக் கேமரா பிடித்துக்கொண்டது. எடுத்த பிறகு திரையில் பார்த்தேன், தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் அடுத்த கல்யாணத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? நல்லா வந்திருக்கும்மா என்று அனுப்பிவிட்டேன். பாவிப் பிள்ளை சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனது.

மார்ச்சில் பாண்டிலட்சுமி வந்து நின்றபோது, "உங்க பிள்ளை அசைஞ்சிருச்சும்மா" என்று வாய் கூசாமல் சொன்னேன். பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை. அதற்காக என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வேன் நிற்கிற இடத்தில் இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஜெமிமா பக்கத்திலேயே நின்றாள், அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். பாண்டிலட்சுமி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "வெளக்குப் பொருத்துறப்பல்லாம் அவள வஞ்சேனே. ஒரு நிமிசம் நின்னிருந்தா ஒம் மொகமாவது மிஞ்சியிருக்கும்லடின்னு ஏழு மாசமா வஞ்சேனே. அவ நின்னுருக்காளே" என்று இதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். வேன் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நான் போகவில்லை. மானிட்டரைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டேன்.

சுந்தர்ராஜ்


மும்பை
3-12-2024

அண்ணனுக்கு. சுகமா என்று கேட்கத் தைரியம் இல்லை.

முதல் இரண்டு நாள் உங்கள்மேல் ஒரே கோபம். 'பிள்ளை அசைந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று நானே எழுதினேனே, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேனே, அதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருந்தீர்கள்? பிறகு அந்தப் பொட்டு ஒட்டிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. வெளியே சொல்லியிருக்கலாமே அண்ணே. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே.

தங்கையாக அழுதுவிட்டேன், இனி நர்ஸாகச் சொல்கிறேன். இந்த நோய் நேரம் கொடுக்காது. பீரோவுக்குள் இருக்கிற மானிட்டரால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அந்த அம்மா மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும், வேன் ஏறுகிற மற்றவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். போங்கள்.

நான்காவது முறையாகக் கேட்கிறேன். டாக்டர் என்ன சொன்னார்?

இன்பம்


சிவகாசி
19-12-2024

அன்புத் தங்கை இன்பத்துக்கு.

இங்கே சுகம் என்று எழுதித் தொடங்கியே பழகிவிட்டது. இந்தத் தடவை எழுதவில்லை. டாக்டர் சொன்னது இதுதான். இடது கண்ணுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வலது கண்ணிலும் ஊசி போட்டுப் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டது. ஓரத்துப் பார்வை இருக்கும், நடுவில் போனது திரும்பாது. இதை அவர் சொன்னது போன வருஷம் நவம்பரில். சாத்தூர்க் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால். தெரிந்துகொண்டேதான் அங்கே போனேன் இன்பம். இதனால்தான் உனக்குப் பதில் எழுத முடியவில்லை.

தீபாவளிக்கு மூடிய யூனிட்டுகளை ஒன்பதாம் தேதி திறந்தார்கள். உன் கடிதத்தை ஜெமிமா சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு, பீரோவைத் திறந்து மானிட்டரை எடுத்து என் மடியில் வைத்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வரிசையாக வந்து நின்றார்கள். பதினொரு பேர் எடுத்தேன்.

பன்னிரண்டாவதாக ஒருத்தி வந்து நின்றாள். மற்றவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தியதிலேயே யாரென்று தெரிந்துவிட்டது. ஜெமிமா என் கையைத் தொட்டாள்.

"என்னைய எடுங்க. அவ என் சாடைதான். நெத்தியும் மூக்கும் அப்படியே இருக்கும்" என்றாள் பாண்டிலட்சுமி.

லென்ஸைத் திருகினேன். பின்னால் முள்ளில் சிவப்பு ஓடியது. அவள் சேலைக் கரைக்கு வந்தது. காதில் ஏறியது. நெற்றியைச் சுற்றி, மூக்கில் இறங்கி, மூக்குத்தியில் ஒரு புள்ளியாக நின்றது. எல்லோரிடமும் வழக்கமாகச் சொல்கிற அந்த வார்த்தையை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 

அவளாகவே சொன்னாள்.

"நான் அசைய மாட்டேன் அண்ணாச்சி. எம்புள்ளையும் அசையல."

அண்ணன்,
சுந்தர்ராஜ்